அவருடைய வலது கெண்டை

கலியாணம் முடித்து நாலாம் மாதம் என் கீழ்வரிசைப் பல்லொன்று உடைந்தது. என் மாப்பிள்ளையின் குதிகால் பட்டு உடைந்தது. வேண்டுமென்று உதைத்தாரா, வலியில் கால் தானாக எழும்பியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பல்லும் போயிருக்கும்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. கூப்பன் அரிசிக்குச் சனம் வரிசையில் நின்ற காலம். சாய்ந்தமருதில், கடற்கரையிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில் எங்கள் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். வாப்பா மௌத்தாகுமுன் என் பேருக்கு எழுதிவைத்த அந்த வீட்டில் நானும் உம்மாவும் மட்டும் இருந்தோம். அவர் வந்த ஒரு கிழமைக்குள் வீடு அவருடையது போலவும், நாங்கள் இரண்டு பேரும் மழைக்கு ஒதுங்க வந்தவர்கள் போலவும் ஆகிவிட்டது.

அவர் கரைவலைத் தண்டயல். தோணியில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, கரையில் இரண்டு பக்கமும் ஆட்களை நிறுத்திக் கயிற்றை இழுக்க வைப்பார். எப்போது இழுப்பது, எப்போது விட்டுக்கொடுப்பது என்பதெல்லாம் அவருடைய வாயிலும் கையிலும்தான் இருந்தது. நாற்பது ஆண்கள் அவர் கையைப் பார்த்து நிற்பார்கள். அப்படி நின்று பழகிய மனிதர் வீட்டுக்கு வந்ததும் இரண்டு பெண்கள் எந்த மூலைக்கு?

அடிப்பதற்கு அவருக்குக் கோபம் வரவேண்டும் என்றில்லை. புளி குறைந்தால் அடிப்பார். நல்ல மீன் பட்ட நாளில், சந்தோசத்தில் சிரித்துக்கொண்டே முதுகில் ஒன்று வைப்பார். அதுவும் வலிக்கும். உம்மாவை அவர் அடித்ததில்லை. அவர் சாப்பிட்டு எழும்பும்வரை உம்மா சாப்பிடக்கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தார். அதுவும் குசினியின் பின்பக்கம் போய்த்தான் சாப்பிடவேண்டும். பல்லில்லாத வாய் மெல்லுவதைப் பார்த்தால் அவருக்கு அருவருப்பாக இருக்கிறதாம்.

அந்த மனிதருக்கு ஒரே ஒரு பலவீனம் இருந்தது. காலில் கெண்டை பிரட்டும்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில்தான் கூடுதலாக வரும். தரைப்பக்கமிருந்து அனல்போல் வீசும் காற்று அது. விடியுமுன் சுபஹுக்கே கடற்கரைக்குப் போய், வெயில் ஏற ஏறக் கயிற்றில் தொங்கி, கத்திக் கத்தி வேர்வையில் குளித்து, நடுப்பகல் லுஹருக்கு வீடு வருவார். கிணற்றடியில் நாலு வாளி ஊற்றி, சோறு தின்று, பாயில் மல்லாந்து படுப்பார். கண் செருகும் நேரம் வலது கெண்டைச் சதை கல்லாய் இறுகி முழங்கால் பக்கம் ஏறும். தோலுக்கடியில் தேங்காய் ஒன்று உருள்வதுபோல் கண்ணுக்கே தெரியும். பெரிய ஆம்பிளை, தலையணையைக் கடித்துக்கொண்டு ஆட்டுக்குட்டிபோல் கனைப்பார்.

பெண்சாதி என்றால் கால் பிடித்துவிட வேண்டும். நான் தேங்காயெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு போய் அந்தச் சதையைப் பிசைவேன். பிசைந்தால் இன்னும் இறுகும். அப்படிப் பிசைந்துகொண்டிருந்த ஒரு பகலில்தான் குதிகால் வந்து தாடையில் விழுந்தது. வாய் நிறைய இரத்தத்தோடு நான் எழும்ப, "கிட்ட ஏன் முகத்தக் கொண்டுவந்தாய்" என்று கேட்டுவிட்டு அவர் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் தாடை வீங்கிவிட்டது. உம்மா முக்காட்டைப் போட்டுக்கொண்டு என்னைப் பெரிய தெருவில் இருந்த டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனா. அங்கிருந்த அப்போதிக்கரி யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆள், மெலிந்த மனிதர், காதில் மயிர் வளர்ந்திருக்கும். பல்லின் மிச்சத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, விழுந்ததா அடித்ததா என்று கேட்டார். கெண்டை பிரட்டும்போது மாப்பிள்ளையின் கால் பட்டது என்று சொன்னேன். அவர் நம்பினாரோ இல்லையோ, தன் காலைத் தூக்கி ஒரு முக்காலியில் வைத்துக்கொண்டு எனக்குக் காட்டித் தந்தார்.

"பிரட்டேக்க சதையைப் பிசையிறேல்லை, பிள்ளை. முழங்காலை மடங்க விடாமல் நேரா நீட்டிப் பிடிச்சுக்கொண்டு, பாதத்தை அவரின்ர முகத்துப் பக்கம் தள்ளவேணும். மெதுவா. இளகுமட்டும் விடக்கூடாது. பிறகு சுடுதண்ணியில நனைச்ச துணியைப் போடும்."

படுத்திருக்கும்போது பாதம் கீழ்ப்பக்கம் நீண்டு கெண்டை சுருங்கிக் கிடக்கும், களைத்த சதை அப்படியே பூட்டிக்கொள்ளும் என்றும், நீட்டிவிட்டால் பூட்டு விடும் என்றும் விளக்கினார். ஒருநாளும் சதையின்மேல் ஏறி மிதிக்க விடக்கூடாது, கிழிந்துவிடும் என்றார். நாங்கள் எழும்பும்போது இன்னொன்றும் சொன்னார். வெயிலில் அப்படி வேர்க்கிறவனுக்கு வேர்வையோடு உப்பும் போய்விடுகிறது. வெறும் தண்ணீரும் பால் விடாத பிளேன்டியும் குடித்தால் அது திரும்பி வராது. காலையில் கஞ்சியில் கொஞ்சம் கூடுதலாக உப்பைப் போட்டுக் கொடுத்து, பத்து மணிக்கும் ஒரு செம்பு கடற்கரைக்கு அனுப்பினால் முக்கால்வாசி நாளும் பிரட்டாது.

முதல் வித்தையை அந்தக் கிழமையே செய்தேன். அவர் கனைக்கத் தொடங்கியதும் முழங்காலை ஒரு கையால் அமத்தி, பாதத்தை அவர் முகத்துப் பக்கம் தள்ளிப் பிடித்தேன். மூன்று மூச்சுக்குள் தேங்காய் கரைந்தது. அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.  கடற்கரையில் போய்த் தன் பெண்சாதியின் கையில் என்னவோ இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அவருடைய வலையில் கயிறு இழுக்கிறவர். அவர் வந்து வேலிக்கு அப்பால் நின்று உம்மாவிடம் அதைச் சொன்னார். என் மாப்பிள்ளையிடமிருந்து நான் பெற்ற புகழ் அவ்வளவுதான். அதுவும் வேலி தாண்டி வந்தது.

உப்புக் கஞ்சி கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. பிரட்டல் நின்றுவிட்டால் என் கையில் என்ன மிஞ்சும் என்று யோசித்தேன். காலையில் கஞ்சியை எப்போதும்போல் காய்ச்சினேன். பத்து மணிக்கு ஒன்றும் அனுப்பவில்லை. உம்மாவும் அன்று அந்த வார்த்தையைக் கேட்டவதான். அவவும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

பிறகு ஒருநாள் ஈரக் கயிற்றுத் துண்டால் அடித்தார். பிள்ளையார் தோட்டத்துப் பக்கமிருந்து மரக்கறி கொண்டுவந்த காரைதீவுப் பெண்ணோடு நான் படலை வாசலில் நின்று சிரித்தேனாம். முழங்கைக்கு மேலே தோல் உரிந்தது. அன்று பகலும் அவருக்குப் பிரட்டியது. காலை நீட்டினார். நான் முழங்காலை அமத்தினேன், பாதத்தில் கையை வைத்தேன், தள்ளாமல் இருந்தேன். எண்ணினேன். எனக்குப் பழகிய எண்ணிக்கை தொழுகைக்குப் பிறகு திக்ரில் எண்ணுகிற முப்பத்து மூன்றுதான். அல்லாஹ்வின் பேரை அதற்குள் இழுக்கப் பயந்து வெறும் இலக்கமாகவே மனதுக்குள் சொன்னேன். முப்பத்து மூன்று முடிந்தபிறகு தள்ளினேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக் காதுக்குள் போனது. என் கையின் எரிச்சல் அந்த நேரம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அடி விழுந்த நாட்களில் எண்ணினேன். சின்ன அடிக்கு ஒருமுறை, பெரிய அடிக்கு இரண்டுமுறை.

பாதத்தைக் கீழே தள்ளுவதை நான் தேடிப்போய்க் கண்டுபிடிக்கவில்லை. ஒருநாள் அவர் நல்லாகத்தான் படுத்திருந்தார். பாதத்தின் மேல்பக்கத்தை எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை வழுக்கிப் பாதம் நிலத்துப் பக்கம் அமர்ந்தது. உடனே கெண்டை ஏறிவிட்டது. அப்போதிக்கரி சொன்னதெல்லாம் அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. மேலே தள்ளினால் பூட்டு விடும். கீழே தள்ளினால் பூட்டு விழும். திறப்பு என் கையில் இருந்தது.

எல்லா நாளும் செய்யவில்லை. அப்படிச் சொல்வதால் ஒன்றும் குறையப்போவதில்லை, ஆனாலும் அதுதான் உண்மை.

இரண்டாம் வருசத்து இழுவைக் காலத்தில் ஒரு வலைக்குப் பெரிய பாரைக் கூட்டம் பட்டது. அவர் ஆட்கள் எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டிவந்து, வளவில் கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போய் அறுத்தார். அது உம்மாவின் ஆடு. வெள்ளை ஆடு, ஒரு காது மட்டும் கறுப்பு. குட்டியாக வாங்கிவந்து பலாவிலை ஒடித்துப் போட்டு வளர்த்தது. பால் தந்துகொண்டிருந்தது. உம்மா குசினி வாசலில் நின்று, "அது பால் ஆடு, மருமகன்" என்று மட்டும் சொன்னா. அவர் காதில் விழாததுபோல் இருந்தார். சமைத்தது நானும் உம்மாவும்தான். ஆட்கள் தின்று முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு போனபிறகு உம்மாவுக்கு ஒரு பீங்கானில் வைத்தேன். அவ அதை அப்படியே கிணற்றடி நாய்க்குக் கொட்டினா.

மறுநாள் பகல் நான் அவர் பாதத்தை அமத்தினேன். அடி விழாத நாள், ஆட்டுக்காகச் செய்தேன். அவர் துடித்து, நான் எண்ணி, பிறகு இளக்கி, அவர் தூங்கியபிறகு பாத்திரம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். உம்மா அங்கே கால் கழுவிக்கொண்டு நின்றா.

"நீ பாதத்தக் கீழுக்குத் தள்ளுறாய்" என்றா.

தடவித்தான் விட்டேன் என்றேன். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்க்கத் தொடங்கினேன்.

"ரெண்டு தரம் கண்டன்." உம்மா ஒரு காலால் மற்றக் காலின் மண்ணைத் தேய்த்துக் கழுவினா. அவசரமில்லாமல் கழுவினா. "நாளைக்கு இடதுக்கும் செய்."

அன்றிலிருந்து உம்மா லுஹருக்கு முன்பே வேலையெல்லாம் முடித்துவிடுவா. அவர் பாயில் சாய்ந்ததும் வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து அறை வாசலில் குந்துவா. முன்பெல்லாம் அவர் முகத்தில் முழிக்காமலே ஒதுங்கிப்போகிறவ. அவர் தலையணையைக் கடிக்கும்போது வாயில் இடித்த வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, "என்ன மருமகன், கெண்டையா? அல்லாட கிருபையால அவள்ர கையில சுகமாயிரும்" என்பா. குரலில் பாசம் வழியும். எனக்குப் பக்கவாட்டில் அந்த முகம் தெரியும். அதில் இருந்த சந்தோசத்தை நான் என் சின்ன வயதில், வாப்பா உயிரோடு இருந்த காலத்தில்கூடக் கண்டதில்லை. என் முகமும் அந்த நேரம் அப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். ஆனாலும் நிறுத்தவில்லை. உம்மா பார்த்துக்கொண்டிருக்கிறா என்பதற்காகவே சில நாள் கூடுதலாக எண்ணினேன்.

கச்சான் உச்சத்தில் அடித்த ஒரு கிழமை. முதல்நாள் பகல் இரண்டு கெண்டையையும் இரண்டு முறை ஏற்றியிருந்தேன். சதை நொந்து, எழும்பும்போது சுவரைப் பிடித்துத்தான் எழும்பினார். அடுத்தநாள் நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அன்று வலை எங்கேயோ அடியில் மாட்டிக்கொண்டதாம். மாரி வெள்ளம் அடித்துக்கொண்டுவந்த மரக்குற்றி ஒன்று கிடந்திருக்கிறது. வேறு ஆளை நம்பாமல் அவரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீந்திப் போயிருக்கிறார். மூழ்கி வலையை எடுத்தும் விட்டார். தலை வெளியே வந்த நேரம் இரண்டு காலும் ஒன்றாய் இறுகியிருக்கிறது. ஆழம், கால் எட்டாது. அவர் கையை உயர்த்தியிருக்கிறார்.

அவருடைய கை உயர்ந்தால் இழுக்கச் சொல்கிறார் என்றுதான் கரையில் அர்த்தம். நாற்பது பேரும் கயிறு இழுக்கிற அம்பாப் பாட்டை எடுத்து ஒரே மூச்சில் இழுத்திருக்கிறார்கள். வலை அவரைச் சுற்றிக்கொண்டது. திரும்பவும் கையை உயர்த்தினாராம். இன்னும் வேகமாக இழுத்தார்களாம். பாட்டும் உரத்துப் போனதாம். வலையின் மடி கரைக்கு வந்து, மீனைக் கொட்டப் பிரிக்கும்போது, சூடை மீனுக்கும் கீரி மீனுக்கும் நடுவில் அவர் கிடந்தார்.

உயிர் இருந்தது. குப்புறப் போட்டுத் தண்ணீரை வெளியேற்றினார்கள். காலிரண்டும் அப்போதும் விறகுக்கட்டைபோல் கிடக்க, பிரட்டலுக்கு மிதிதான் மருந்து என்று யாரோ சொல்லி, பாரமான ஆள் ஒருவர் வலது கெண்டையில் ஏறி நின்றிருக்கிறார். துணி கிழிந்ததுபோல் ஒரு சத்தம் கேட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். சொல்லும்போது உம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். உம்மா, "யா அல்லாஹ்" என்று நெஞ்சில் கை வைத்தா.

மாட்டுவண்டியில் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனோம். நானும் வண்டியில் ஏறினேன். அதே அப்போதிக்கரி. கெண்டை கறுத்து வீங்கிப் பூசணிக்காய்போல் இருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே கிழிந்துவிட்டது, இனிப் பழையபடி நிற்க ஏலாது என்று சொன்னார். கட்டுப் போட்டுக்கொண்டே என்னை அடையாளம் கண்டார். பல்லுப் பிடுங்கின பிள்ளைதானே என்றார்.

"நான் அண்டைக்குச் சொன்ன உப்புக் கஞ்சி குடுத்தனீரோ?"

அவர் கட்டிலில் படுத்திருந்தார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் "ஓம் ஐயா" என்றேன்.

அப்போதிக்கரி அவரிடம் திரும்பி, ஒழுங்காகக் குடித்தாரா என்று கேட்டார். அவர் கண்ணை என்னிலிருந்து எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த நேரம் நான் எண்ணவில்லை.

"ஓம். ஒவ்வொரு நாளும் குடுத்தனுப்பினவ. குடிச்சன்" என்றார்.

தன் பெண்சாதி தன்னை அப்படி வைத்திருந்தாள் என்று இன்னொரு ஆம்பிளைக்கு முன்னால் காட்ட அவருக்கு மனமில்லை. அப்படித்தான் அப்போது நினைத்தேன். அப்போதிக்கரி தலையைச் சொறிந்துகொண்டு, அப்படிக் குடித்தும் இப்படிப் பிரட்டினால் வேறு ஏதோ காரணம் இருக்கும் என்று சொல்லி ஒரு குப்பியில் மருந்து கலக்கித் தந்தார்.

 வீட்டில் அடி விழும் என்று மூன்று நாள் காத்திருந்தேன். விழவில்லை. நாலாம் நாள் காலையில் உப்புப் போட்டுக் கஞ்சி கொண்டுவா என்றார். கொண்டுபோனேன். கோப்பையை வாங்காமல், "முதல் வாய் நீ குடி" என்றார். குடித்தேன். என் தொண்டை அசைவதைப் பார்த்திருந்துவிட்டுப் பிறகு வாங்கினார். கஞ்சி மட்டுமில்லை. சோறு, தண்ணீர், மருந்து எல்லாவற்றுக்கும் முதல் வாய் நான்தான். அடுத்த வருசம் தோணிகள் திரும்பக் கடலுக்கு இறங்கும்வரை அது நடந்தது. கால் வலித்தால் என்னைக் கூப்பிடமாட்டார். கம்பைப் பிடித்து எழும்பி, குதியை நிலத்தில் ஊன்றி, சுவரில் சாய்ந்து தானாகவே இளக்கிக்கொள்வார்.

வலை முதலாளி வேறொருவரைத் தண்டயலாக்கினார். நொண்டுகிற காலால் மணலில் நிற்க முடியாது. கிழிந்த வலைகளை வீட்டுக்கே கொண்டுவந்து போட்டார்கள். நாற்பது பேரை இழுக்க வைத்த மனிதர் வலைக்குவியலுக்கு நடுவில் ஊசியோடு குந்தியிருந்தார்.

அவர் கால் போன வருசத்து மாரியில் நான் ஏழு மாதம். அடைமழை. மருதமுனையில் யாருக்கோ பிள்ளை பிறந்ததென்று உம்மா போயிருந்தா. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் சரிந்தவளுக்கு இடது கெண்டை ஏறியது. எனக்கு அதுதான் முதல் தடவை. யாரோ உள்ளே கையை விட்டுச் சதையை முறுக்கிப் பிழிவதுபோல் இருந்தது. இதைத்தானா நான் அத்தனை நாள் செய்தேன் என்று ஒரு நினைப்பு ஓடி மறைந்தது. என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும், ஆனால் வயிறு குறுக்கே இருந்தது. கை பாதத்துக்கு எட்டவில்லை. எழும்பவும் முடியவில்லை.

"மச்சான்" என்று கூப்பிட்டேன்.

அவர் நாலு முழம் தள்ளித்தான் இருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து வலையில் அடுத்த கண்ணைப் போட்டார். அதற்கடுத்ததையும் போட்டார். நான் இரண்டாம் முறையும் கூப்பிட்டேன். அவர் அந்த வரிசையை முடித்து, நூலை இழுத்து முடிந்து, பல்லால் கடித்து அறுத்தார். பிறகு எழும்பி நொண்டி நொண்டி வந்து உட்கார்ந்து, என் முழங்காலை அமத்தி, பாதத்தைச் சரியாக மேலே தள்ளினார். இளகியது. உடனே விடவில்லை, நான் அவருக்குப் பிடித்ததுபோலவே பிடித்துக்கொண்டே இருந்தார்.

"நீ எண்ணுற நேரம் உண்ட உதடு அசையும்" என்றார்.

மழைச் சத்தத்தில் முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. முதல் முப்பத்து மூன்றிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"தெரிஞ்சா ஏன் காலத் தந்தீங்க?"

"வேற ஆரிட்டக் குடுக்க?"

அவர் என் கெண்டையை உள்ளங்கையால் தேய்த்துவிட்டார். கை சொரசொரப்பாக இருந்தது, ஆனால் மெதுவாகத்தான் தேய்த்தார். எனக்கு அழுகை வந்தது. அந்த நேரம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எண்ணியது சரி, பாதத்தைக் கீழே தள்ளி வரவழைத்தது யாருடைய புத்தி, என்னுடையதா உம்மாவுடையதா என்று கேட்டார்.

அழுதுகொண்டிருந்தவள்தான். என் கால் அவர் கையில் இருந்தது. "உம்மாட" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். காலைப் பாயில் மெல்ல வைத்துவிட்டு வலைக்குப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் மருதமுனையிலிருந்து நனைந்து வந்த உம்மாவிடம் அவர் முகம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவவோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஒரே கூரைக்குக் கீழே வருசக்கணக்கில் அப்படியே இருந்தார். ஏன் என்று உம்மாவுக்குத் தெரியாது. கால் போனபிறகும் திமிர் போகவில்லை என்று நினைத்துக்கொண்டா. எனக்கு அடி நின்றுவிட்டது. முதல் வாய் நான் குடிப்பதும் எப்போதோ நின்றுவிட்டது. வீட்டில் கை ஓங்க ஆளில்லாமல் போன இடத்துக்கு உம்மா வந்தா. அவருடைய சோற்றை அவ கடைசியில் போடத் தொடங்கினா. மீனில் தலையும் முள்ளும் அவருக்கு. பீங்கானைக் கையால் கொடுக்கமாட்டா. நிலத்தில் வைத்து, வலைக்குவியல் பக்கம் காலால் தள்ளிவிடுவா. அவர் ஒன்றும் சொல்லாமல் எடுத்துத் தின்பார். நான் குசினியில் நின்று பார்ப்பேன். பீங்கானை எடுத்துக் கையில் கொடுக்க எனக்கு இரண்டு எட்டுத்தான். அந்த இரண்டு எட்டை நான் வைக்கவில்லை. வைத்தால் உம்மா ஏன் என்று கேட்பா. கேட்டால் அந்த மழை நாளில் நான் சொன்னதைச் சொல்லவேண்டி வரும்.

பிறந்தது பெண் பிள்ளை. அவளுக்கு நாலு வயதாகும்போது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து அவர் வந்து குந்தியிருந்தார். உம்மாவுக்கு இடுப்பு வலி, எழும்பவில்லை. வாப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடு என்று பீங்கானைப் பிள்ளையின் கையில் கொடுத்தேன். அவள் கவனமாக ஏந்திக்கொண்டு போனாள். போய் நிலத்தில் வைத்தாள். வைத்துவிட்டுத் தன் சின்னக் காலால் அதை அவர் பக்கம் தள்ளினாள். சோறு கொஞ்சம் சிந்தியது. சரியாகச் செய்தேனா என்று பாயில் கிடந்த உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் போய் அவள் கன்னத்தில் அடித்தேன். என் ஆயுளில் நான் கைநீட்டி அடித்த முதல் ஆள் அவள்தான். அவள் அழக்கூட இல்லை, வாயைத் திறந்தபடி நின்றாள். உம்மா பாயிலிருந்து தலையைத் தூக்கி, "அவள ஏன் அடிச்சாய்? நான் செய்யிறதத்தானே செஞ்சாள்" என்றா.

அவர் சோற்றைத் தொடவில்லை. எழும்பிப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தக் காலோடு படலையைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் நொண்டிப் போனார். என்னைப் பார்க்கவில்லை. பொழுதுபட்டு மஹ்ரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம்தான் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். பிள்ளை அவர் தோளில் தூங்கியிருந்தாள். கன்னத்தில் என் விரல் தடம் அப்போதும் இருந்தது.

அன்று இராச் சாப்பாட்டை நான் போட்டேன். அவருக்கு முதலில் போட்டு, பீங்கானை இரண்டு கையாலும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பிள்ளையை எழுப்பி ஊட்டினேன். நானும் தின்றேன். உம்மா சுவர்ப்பக்கம் படுத்திருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தா. எல்லோரும் கை கழுவியபிறகு, சட்டியில் கிடந்ததை வழித்துப் பீங்கானில் போட்டுக் கொண்டுபோய் உம்மாவின் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன்.